ஹெல்மெட்டில் கேமரா: முதல் செட்டப், 4-வே வீடியோ, பிறகு டேண்டம். எங்கிருந்து தொடங்குவது?

நீலவெளி:

வணக்கம் நண்பர்களே. ஸ்கைடைவிங்கில் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) அண்மையில் சி லைசென்ஸ் வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில், ட்வின் ஆட்டர் விமானம் ஓடும் டிராப்ஸோனில் (குதிக்கும் தளம்) குதிக்கிறேன். வயிற்றுப்பக்கம் கீழே வைத்துப் பறப்பதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நன்றாக வருகிறது. மெயின் கேனபி (முதன்மைப் பாராசூட்) ‘பைலட் 150’ மாடல். முதுகுப் பையான கண்டெய்னரில் ஸ்கைஹுக்கும் (வெட்டிய மெயினைக் கொண்டே ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டை வெளியே இழுக்கும் அமைப்பு) சைப்ரஸும் (தாழ்வான உயரத்தில் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) உண்டு.

இங்கே ஒரு 4-வே குழுவுக்கு (நால்வர் காற்றில் ஒருவரை ஒருவர் பிடித்து வடிவம் போடும் குழு) வீடியோ ஆள் தேவைப்படுகிறது, என்னைக் கேட்டிருக்கிறார்கள். பிற்பாடு டேண்டம் (பயிற்றுநரோடு பயணியைச் சேர்த்துக் கட்டிக் குதிப்பது) வீடியோவும் எடுக்க ஆசை. கேட்க வேண்டியவை:

அ) கையில் ஒரு முழுமுக ஹெல்மெட் இருக்கிறது. அதன் உச்சியில் கோப்ரோ பெட்டியில் வரும் ஒட்டு மவுண்டை ஒட்டிக்கொண்டால் போதுமா? கேமராவுக்கென்றே செய்த ஹெல்மெட் வாங்கித்தான் ஆகவேண்டுமா?
ஆ) கோப்ரோவா, சோனி ஆர்எக்ஸ்0-வா? ஸ்டில் கேமராவையும் இப்போதே சேர்த்துவிடலாமா?
இ) இறக்கை வைத்த கேமரா சூட் முதல் நாளிலிருந்தே வேண்டுமா?
ஈ) கேமரா ஆட்கள் ஆர்எஸ்எல் (மெயினை வெட்டினால் ரிசர்வைத் தானே திறக்கும் இணைப்புப் பட்டை) கழற்றிவிட வேண்டும் என்று இங்கே இரண்டு பேர் சொல்கிறார்கள். சரியா?

மூன்றுவளையம்:

தம்பி, கேமராவைப் பற்றி யோசிக்கும் முன் கயிற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். ஹெல்மெட்டையும் மவுண்டையும் மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

கேனபி திறக்கும் அந்தச் சில நொடிகளில் லைன்கள் எல்லாம் உங்கள் முதுகிலிருந்து புறப்பட்டுத் தலைக்குப் பக்கத்தில்தான் மேலே போகின்றன. உடல் நேராக இருந்தால் தலையைத் தொடாமல் போய்விடும். ஒரு தோள் தாழ்ந்திருந்தாலோ, திறக்கும் நேரத்தில் கழுத்தைத் திருப்பினாலோ தொடும். எச்எம்ஏ என்ற மெல்லிய வகை லைன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கிறது. அந்தத் தடிமன் நுழையும் எந்த இடுக்கும் கொக்கிதான். நிலை குலைந்து பைலட் சூட்டை (மெயினை வெளியே இழுக்கக் கையால் வீசும் சின்னப் பாராசூட்) வீசினால் அதன் இணைப்புப் பட்டையான பிரைடில் தலையைச் சுற்றலாம். லைன் ட்விஸ்ட் (லைன்கள் முறுக்கிக்கொள்வது) ஏற்பட்டால் ரைசர்கள் (லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் பட்டைகள்) தலையின் பின்புறத்தை நெருக்கும்.

இப்போது கோப்ரோவின் சாதாரண ஒட்டு மவுண்டைப் பாருங்கள். தலைக்கு மேலே ஒரு தூண்; அதன் நடுவில் பக்கிளின் இரண்டு பக்கமும் திறந்த இடுக்குகள்; மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் திருகு. கயிற்றைப் பிடிப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ‘லைன் மாட்டினால் பக்கிள் தானே உடைந்துவிடும்’ என்று சொல்வார்கள். ஒரு கோணத்தில் இழுத்தால் உடையும், இன்னொரு கோணத்தில் உங்கள் கழுத்துத்தான் முதலில் போகும். அதை நம்பி ஒரு ஜம்ப்கூடச் செய்யக் கூடாது.

செய்ய வேண்டியது: ஹெல்மெட்டின் வளைவோடு ஒட்டி உட்காரும் தாழ்வான மவுண்ட், கேமராவைச் சுற்றிச் சரிவாக மூடும் கூடு. இதற்கென்றே விற்கிறார்கள், டிபியு பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் செய்தும் கொள்ளலாம். ஒட்டுவதாக இருந்தால் ஹெல்மெட் பரப்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டிய பிறகு 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். துளை போடுவதாக இருந்தால் தயாரிப்பாளர் அனுமதிக்கும் இடத்தில் மட்டும். மோதல் தரச்சான்று வாங்கிய ஹெல்மெட்டில் கண்ட இடத்தில் துளை போட்டால் அந்தச் சான்றுக்குப் பிறகு பொருளில்லை.

பிறகு கயிற்றுச் சோதனை. ரிக்கரிடம் (பாராசூட்டைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவர்) கழித்துப்போட்ட லைன் ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா, சைட் (கண்ணுக்கு முன் குறி பார்க்கும் வளையம்), ஆடிபிள் (காதருகே ஒலியால் உயரத்தை அறிவிக்கும் கருவி) எல்லாம் பொருத்திய ஹெல்மெட்டை மேசையில் வைத்து, லைனின் இரு முனையையும் பிடித்து இழுத்தபடியே முன்னிருந்து பின், பின்னிருந்து முன், இடம் வலம், குறுக்கு என்று எல்லாத் திசையிலும் தேய்த்துக்கொண்டு போங்கள். லைன் எங்கே நின்றாலும் அந்த இடத்தை சிலிக்கோனாலோ கேஃபர் டேப்பாலோ நிரப்ப வேண்டும். கேமராவோடு நிறுத்தாதீர்கள். பின்பக்கம் இறுக்கும் திருகு, தாடைப் பக்கிள், ரிங் சைட்டின் கம்பி, கண்ணாடி மூடியின் கீல் ஆகியவையும் பிடிக்கும். கேமரா விழுந்துவிடும் என்று வளையமாகக் கயிறு கட்டுகிறார்கள், அந்த வளையமே இன்னொரு கொக்கி. கட்டினால் முழு நீளத்தையும் டேப்புக்குள் புதைத்துவிடுங்கள்.

அடுத்தது ஹெல்மெட்டை ஒரே இழுப்பில் கழற்றும் கட்அவே. கேமரா ஹெல்மெட்டுகளில் தாடைக் கிண்ணமும் ராட்செட் பட்டையும், அதை விடுவிக்க ஒரு கைப்பிடியும் இருக்கும். குக்கி, டோன்ஃப்ளை, போன்ஹெட் மூன்றும் இந்த வகையில் பெயர் வாங்கியவை. பல முழுமுக ஹெல்மெட்டுகளில் இந்த வசதி கிடையாது, அல்லது தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். உங்களுடையதில் இல்லையென்றால் அதில் கேமரா வேண்டாம் என்பதே என் முடிவு. சின்ன கேமராதானே என்று வாதாடுவார்கள். மாட்டுவது எடை அல்ல, வடிவம்.

கைப்பிடி இருப்பது மட்டும் போதாது. ஹெல்மெட் மேல்நோக்கி இழுபடும்போதும் அது வேலை செய்ய வேண்டும். தரையில் உட்கார்ந்து, நண்பர் ஒருவர் ஹெல்மெட்டைப் பத்துக் கிலோ அளவுக்கு மேலே தூக்கிப் பிடிக்க, கையுறை போட்ட இடக்கையால் ஒரு முறை, வலக்கையால் ஒரு முறை விடுவித்துப் பாருங்கள். ஒரு கையால் மட்டும் எட்டுகிறதென்றால் கைப்பிடியை மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். மற்றக் கை லைனில் சிக்கியிருக்கலாம்.

கடைசியாக, மாட்டிக்கொண்டால் என்ன வரிசை? இதை வாயால் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். உயரம் இருந்து, கேனபியும் நேராகப் பறந்தால் கையால் எடுத்துவிட முயலலாம். ஆனால் சி லைசென்ஸுக்கு முடிவெடுக்கும் உயரம் 1,800 அடி என்பதை அந்த முயற்சி தின்றுவிடக் கூடாது. வரவில்லையா, முதலில் ஹெல்மெட்டை விடுங்கள், பிறகு மெயினைக் கட்அவே செய்து (வெட்டிவிட்டு) ரிசர்வை இழுங்கள். ஹெல்மெட் தலையில் மாட்டியிருக்கும்போதே மெயினை வெட்டினால், வெட்டிய மெயின் முழுவதும் உங்கள் கழுத்தில் தொங்கும், ரிசர்வும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஹெல்மெட் கழலவில்லை என்றால் ஹூக் கத்தியால் மாட்டிய லைனை அறுங்கள். கத்தியைக் காலில் வைக்காதீர்கள். மார்புப் பட்டையிலோ ஹார்னஸிலோ, இரு கையும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் கட்அவே பேச்சே இல்லை, தலைக்கு மேலே இருக்கும் துணியோடு ரிசர்வையும் சேர்க்க வேண்டியதுதான்.

கழுகுப்பார்வை:

மேலே சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. கேமராப் பக்கம் நான்.

தொடக்கத்துக்கு ஒரே ஒரு கேமரா, அதுவும் ஒத்தை லென்ஸ் சின்ன கேமரா. கோப்ரோ ஹீரோ 11 சுமார் 154 கிராம், ஆர்எக்ஸ்0-இன் இரண்டாம் பதிப்பு பேட்டரியோடு 132 கிராம். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பார்வைக் கோணத்தில். ஆர்எக்ஸ்0 24 மிமீக்கு இணையான லென்ஸ், ஒரு இஞ்ச் சென்சார், முகம் தெளிவாக வரும், விளிம்பில் வளைவு இல்லை. ஆனால் 6 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வர நீங்கள் ஏறக்குறைய 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோப்ரோவின் அகலக் கோணத்தில் அதில் பாதித் தூரமே போதும். அதனால் 4-வே குழுவுக்கு நெருங்கி, செங்குத்தாக நின்று பிடிக்கிறவர்கள் அகலக் கோணத்தை விரும்புகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது வேறு: கோணம் அகலமாக இருந்தால் ஆட்கள் படத்தில் சிறிதாகத் தெரிவார்கள், சட்டத்தை நிரப்ப நீங்கள் நெருங்கிக்கொண்டே போவீர்கள். முதல் சில மாதம் கோப்ரோவில் லீனியர் முறை (விளிம்பு வளையாத, குறுகிய கோணம்) வைத்துத் தள்ளி நின்று பழகுங்கள்.

அமைப்பு: 4கே 60 ஃபிரேம், அல்லது பயிற்சிக்கு 1080-இல் 60. குழுப் பயிற்சி வீடியோவுக்கு ஹைப்பர்ஸ்மூத் (கோப்ரோவின் நடுக்கக் குறைப்பு) நிறுத்தி வைப்பது நல்லது. அது விளிம்பை வெட்டி எடுத்துக்கொள்ளும். நீங்கள் தலையைத் திருப்பும்போது படம் தாமதமாகத் திரும்பும். நீங்கள் எவ்வளவு ஆட்டம் போடுகிறீர்கள் என்பதும் உங்களுக்கே தெரியாமல் போகும். டேண்டம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். கார்டு வி30 தரம், கணினியில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். 4,000 மீட்டரில் தரையைவிட ஏறக்குறைய 25 டிகிரி குளிர், பாதி தீர்ந்த பேட்டரி அங்கே சட்டென்று படுத்துவிடும். ஒவ்வொரு இரண்டாவது லோடுக்கும் (விமானம் ஏறும் முறைக்கும்) பேட்டரி மாற்றினால் கவலை இல்லை. ஏறும் வழி முழுக்கப் பதிவு செய்யாதீர்கள், மூடிய கூட்டுக்குள் சூடாகி நின்றுவிடும். கதவு திறக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது தொடங்கி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று எதிரில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேமராவின் திசையைச் சரிசெய்வதுதான் பலர் விட்டுவிடும் வேலை. சுவரில் கண் உயரத்துக்கு ஒரு சிலுவைக்குறி வரைந்து, 3 மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஹெல்மெட்டை நிஜமாகக் குதிக்கும்போது எவ்வளவு இறுக்குவீர்களோ அவ்வளவு இறுக்கி, வலுவான கண்ணால் ரிங் சைட் வழியாகச் சிலுவையைப் பார்த்தபடி போனில் கேமரா படத்தைப் பார்த்துத் திருப்பவும். சைட்டின் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும்போது சிலுவை படத்தின் நடுவில் இருக்க வேண்டும். சைட் வாங்க மனம் இல்லையென்றால் கண்ணாடியின் உள்பக்கம் மிகச் சின்ன ஸ்டிக்கர் புள்ளி ஒன்று போதும். துல்லியம் குறைவு, ஆனால் மாட்டிக்கொள்ளக் கம்பி இல்லை.

பொருத்தும் இடம் உச்சி. பக்கவாட்டில் வைத்தால் ஓபனிங்கில் தலையைத் திருகும், அந்தப் பக்கத்து ரைசரும் தட்டும். தாடையில் வைப்பதற்கு விங்சூட் ஆட்களிடம் ஆதரவு உண்டு, லைன் வரும் வழியிலிருந்து அது விலகித்தான் இருக்கிறது. ஆனால் குனிந்து கட்அவே கைப்பிடியையும் ரிசர்வ் கைப்பிடியையும் பார்க்கும்போது அந்தப் பெட்டி கண்ணை மறைக்கும். என்னைக் கேட்டால் அதற்காகவே வேண்டாம்.

ஸ்டில் கேமரா இப்போது வேண்டாம். டேண்டம் வேலைக்குப் போகும் காலத்துக்கான குறிப்பு மட்டும்: கேனன் 100டி உடல் பேட்டரியோடு 407 கிராம், பழைய 18-55 லென்ஸோடு 600 கிராமுக்குச் சற்று மேலே போகும். 18 மிமீயில், எஃப் 8-இல், ஃபோகஸை 2 மீட்டர் சொச்சத்தில் வைத்தால் ஒரு மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து அடிவானம் வரை கூர்மையாக இருக்கும். ஆட்டோஃபோகஸை அணைத்து, வளையத்தை கேஃபர் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் இருவர் தலைக்கு நடுவிலுள்ள மேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று கவனிக்க: எஸ்டிஎம் போன்ற மின்மோட்டார் ஃபோகஸ் லென்ஸ்களிலும் சோனி இ-மவுண்ட் லென்ஸ்கள் பலவற்றிலும் வளையத்தை ஒட்டிப் பயனில்லை, கேமராவை அணைத்துப் போட்டால் ஃபோகஸ் இடம் மாறிவிடும். அவற்றில் விமானத்துக்குள் இயக்கிய பிறகு ஃபோகஸ் வைக்க வேண்டும். ஷட்டர் 1/800 முதல் 1/1000, ஐஎஸ்ஓ 200 முதல் 400. பின்னணி வானம் வெளிச்சமாக இருந்து முகம் கறுக்கும் என்பதால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் கூட்டி வையுங்கள். லென்ஸின் நடுக்கக் குறைப்பு அணைந்திருக்கட்டும். பல்லால் கடித்துப் படமெடுக்கும் பைட் சுவிட்சின் ஒயரை ஹெல்மெட்டின் உள்பக்கமாகவே கொண்டுபோய், வெளியே ஒரு சென்டிமீட்டர் தொங்கலும் இல்லாமல் ஒட்டுங்கள்.

ஓட்டர்கதவு:

கருவி பற்றி நிறைய வந்துவிட்டது. பறப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் கேமரா ஆள் குழுவின் மேல் விழும் விபத்து கருவியால் வருவதில்லை.

முதலில் எண்ணிக்கை. யூஎஸ்பிஏ (அமெரிக்கப் பாராசூட் சங்கம்) கேமராவுக்குச் சி லைசென்ஸைப் பரிந்துரைக்கிறது, அதோடு இப்போது பயன்படுத்தும் அதே பாராசூட் கருவியில் அண்மைக்காலத்தில் 50 ஜம்ப் இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் படிப்பதே இல்லை. பைலட் 150 உங்களுக்குப் புதிது என்றால் கேமரா காத்திருக்கட்டும். டேண்டம், ஏஎஃப்எஃப் (பயிற்றுநர் கூடவே விழுந்து கற்றுத்தரும் முறை) மாணவர்களைப் படமெடுக்க, குழுவாகக் குதித்த 300 ஜம்ப், அதில் அனுபவசாலிகளோடு கேமரா பிடித்த 50 ஜம்ப் என்பது பரிந்துரை. டிராப்ஸோன் அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம்.

சூட். 4-வே குழு உங்களைவிட மெதுவாக விழுந்தால்தான் இறக்கை தேவை. உடல் கனமானவர்களுக்கு முதலிலிருந்தே தேவைப்படும், மெலிந்தவர்கள் சாதாரண சூட்டோடு தொடங்கலாம். எப்படியானாலும் ஒரு ஜம்பில் ஒரு புதுப் பொருள்தான். கேமரா இல்லாத புது ஹெல்மெட் ஒரு ஜம்ப், இறக்கை சூட்டோடு தனியாகச் சில ஜம்ப், பிறகுதான் இரண்டும் சேர்த்து. இறக்கை சூட்டின் முதல் ஜம்பில் உயரத்திலேயே மூன்று முறை பைலட் சூட் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். காற்று நிறைந்த இறக்கை கையைப் பின்னால் போகவிடாமல் எதிர்க்கும். இடக்கையையும் அதே நேரத்தில் உள்ளே இழுக்காவிட்டால் உடல் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த உடலில்தான் லைன் ஹெல்மெட்டைத் தொடும். அகன்ற இறக்கை முதுகில் பெரிய வெற்றிடத்தையும் உண்டாக்கும், அதனால் பைலட் சூட்டை மெல்ல விடாமல் வலுவாகப் பக்கவாட்டில் வீசுங்கள். வாங்கும்போது ரிக் (ஹார்னஸும் பாராசூட்டுகளும் சேர்ந்த முழுத் தொகுதி) மாட்டிப் பார்த்து, கைகளை எந்த நிலையில் வைத்தாலும் இறக்கைத் துணி கட்அவே, ரிசர்வ் கைப்பிடிகளை மூடுகிறதா என்று சோதியுங்கள்.

வெளியேறுதல். ஆட்டரில் கதவுக்குப் பின்பக்கம் கேமராப் படி இருக்கும். ஏறி நிற்கும் முன், விமானத்துக்குள்ளேயே, கண்டெய்னரைப் பூட்டும் ஊசியின் (பின்) மூடியும் பைலட் சூட்டும் சரியாக இருப்பதை இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியே தொங்கும்போது பைலட் சூட் நழுவினால் அது வால் இறக்கைக்கு மேலே போகும், அங்கே விமானத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. படியிலிருந்து மேல்நோக்கிக் குதிக்காதீர்கள். கேரவன் போல வால் தாழ்ந்த விமானங்களில் இது இன்னும் முக்கியம். குழுவின் எண்ணிக்கையைக் கேட்டு, அவர்களைவிட ஒரு கணம் முன்னதாகக் கையை விட்டு, நெஞ்சை முன்காற்றுக்குக் கொடுத்து, அவர்களைப் பார்த்தபடியே போங்கள். ரொம்ப முன்னால் போனால் குழு உங்கள் மேல் வரும். தாமதித்தால் அவர்களுடைய பர்பிளுக்குள் விழுவீர்கள்.

பர்பிள் என்பது குழு கிழித்துக்கொண்டு போகும் காற்றின் பின்புறக் குழப்பம், அங்கே உங்களைத் தாங்கக் காற்று இல்லை. அது எப்போதும் தலைக்கு மேலே இருக்கும் என்று நினைக்கிறார்கள். வெளியேறிய முதல் பத்து நொடிக்குக் காற்று விமானம் போகும் திசையிலிருந்து வருகிறது, ஆகவே பர்பிள் குழுவின் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். வேகம் செங்குத்தாகத் திரும்பத் திரும்ப அதுவும் நிமிர்ந்து உச்சிக்கு வரும். எக்ஸிட்டில் பாதுகாப்பாக இருந்த இடம் பத்தாவது நொடியில் பாதுகாப்பானதாக இருக்காது. குழு செங்குத்தாக விழத் தொடங்கியதும் சாய்கோணத்தில், வட்டத்துக்கு வெளியே, கீழே பார்த்தபடி நில்லுங்கள். நடுவரைத் திருப்திப்படுத்த அனுபவமுள்ளவர்கள் இன்னும் செங்குத்தாகப் போவார்கள். போட்டியில் 10,500 அடியிலிருந்து வெளியேறி 35 நொடி வேலை நேரம், ஒவ்வொரு பிடியும் படத்தில் தெரிய வேண்டும், தெரியாத ஃபார்மேஷனுக்குப் புள்ளி கிடைக்காது. அந்தச் செங்குத்துக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். பயிற்சியில் ஒரு பிடி மறைந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது.

பிரிவது. 4,500 அடியில் நால்வரும் திரும்பி விலகிப் போக, கேமரா ஆள் நடுவிலேயே நின்று திறப்பது வழக்கம். வழக்கம் என்பதற்காக அப்படியே விடாமல், ஒவ்வொரு ஜம்புக்கும் தரையில் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். குழுவில் ஒருவருக்கு நீங்கள் நடுவில் திறப்பது தெரியாவிட்டாலும் அந்தத் திட்டம் செல்லாது. உங்கள் லைசென்ஸுக்கு 2,500 அடி என்பது கீழ்வரம்பு. கேமரா ஆள் அதற்கு நெருங்கவே கூடாது, 4,000 அடியை ஒட்டித் திறந்துவிடுங்கள்.

சைட்டுக்குள் பார்த்துக்கொண்டே இருக்கிறவருக்கு உயர உணர்வு முதலில் போகும். முனைவேகத்தில் ஐந்தரை நொடிக்கு 1,000 அடி. ஆகவே இரண்டு காதுக்கும் தனித்தனி ஆடிபிள். முதல் ஒலி 5,500-இல், அடுத்தது 4,500-இல், கடைசி 3,000-இல். ஒன்றின் பேட்டரி போனாலும் மற்றொன்று கத்தும். கண்ணால் பார்க்கும் ஆல்டிமீட்டரும் வேண்டும். இறக்கையோடு மணிக்கட்டைத் திருப்பினால் நிலை ஆடும், மார்புப் பட்டைப் பக்கத்தில் வையுங்கள். ஆடிபிள் கத்தி, குழு இன்னும் பிரியவில்லை என்றால் படம் முடிந்தது என்று பொருள், நீங்கள் பிரிய வேண்டும்.

நீலவெளி:

மூவருக்கும் மிக்க நன்றி. முழுமுக ஹெல்மெட்டில் கட்அவே இல்லை, ஆகவே கேமரா ஹெல்மெட்டுக்கே போகிறேன். டேண்டத்தில் எங்கே நிற்பது, ஓபனிங், ஆர்எஸ்எல், இந்த மூன்றும் பாக்கி.

பின்செக்:

டேண்டம்: ட்ரோக் (ஜோடியின் வேகத்தைக் குறைக்கும் சிறு பாராசூட்) வெளியே வரும்வரை ஜோடி வேகம் கூடிக்கொண்டே போகும், அதனால் அது வீசப்பட்டு நிற்கும்வரை தள்ளியே இருங்கள். அதற்குப் பிறகு மணிக்கு 190 கிமீ சொச்சத்தில் நிலைக்கும். நிற்க வேண்டிய இடம் முன்பக்கம், அவர்கள் மட்டத்தில் அல்லது ஒரு முழம் கீழே, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி. நேர் மேலே ஒருநாளும் போகக் கூடாது. ட்ரோக் கயிறும், எந்த நேரமும் திறக்கக்கூடிய மெயினும் அங்கேதான். நேர் கீழேயும் கூடாது, ட்ரோக் கோளாறானால் அவர்கள் உங்கள் மேல் வருவார்கள். யூஎஸ்பிஏ விதியில் டேண்டம் திறக்க வேண்டிய கீழ்வரம்பு 5,000 அடி. அவர்கள் திறக்கும்போது நீங்கள் தொடர்ந்து விழுவதால் அவர்கள் மேலே பாய்வதுபோல் படம் வரும். அதைப் பிடிக்க இடுப்பைத் தாழவிட்டு அண்ணாந்து பார்த்தபின், முழுதாகத் தட்டையாகி, திரும்பி, சில நொடி விலகிப் போய், அதன் பிறகே உங்கள் பைலட் சூட். அண்ணாந்த நிலையிலேயே இழுப்பதுதான் கழுத்தைக் கெடுக்கும் பழக்கங்களில் முதன்மையானது.

கணக்கு எளிது. ஹெல்மெட்டும் கேமராவும் சேர்ந்து 1.5 கிலோ என்றால் 5 ஜி (ஈர்ப்பு விசையின் ஐந்து மடங்கு) ஓபனிங்கில் கழுத்துக்கு 7.5 கிலோ பாரம். கேனபி அறைந்து 10 ஜி வந்தால் 15 கிலோ. தலை நிமிர்ந்து, பார்வை அடிவானத்தில், தாடை சற்று உள்ளே இருந்தால் முதுகெலும்பு அதைத் தாங்கும். தலை பின்னால் சாய்ந்திருந்தாலோ ஒரு பக்கம் திரும்பியிருந்தாலோ தாங்காது. ஸ்லைடர் (கேனபி விரிவதை மெதுவாக்கும் துணி) இறங்கும்வரை கேனபியைப் பார்க்க அண்ணாந்து போகாதீர்கள்.

பைலட் மென்மையாகத் திறக்கும் கேனபி, நல்ல தேர்வு. ஆனால் பேக்கிங் தவறினால் எந்தக் கேனபியும் அறையும். ரப்பர் பேண்டு தளர்ந்திருந்தால் பை முழுதாக எழும் முன்பே லைன்கள் கொத்தாக அவிழும், கேனபி லைன் நீளுவதற்குள் விரியத் தொடங்கும். ஒவ்வொரு ஸ்டோவும் (ரப்பர் பேண்டில் செருகிய லைன் மடிப்பு) 4 முதல் 5 கிலோ இழுப்புக்குத்தான் அவிழ வேண்டும். பையின் வாயைப் பூட்டும் ஸ்டோக்களில் இது கட்டாயம். பழைய ரப்பர் பேண்டை இரட்டைச் சுற்றுப் போட்டுச் சமாளிக்காமல் புதிது மாட்டுங்கள். ஸ்லைடர் வளையங்கள் நான்கும் ஸ்டாப்பரை முட்டி இருக்கட்டும். ரைசர் பக்கம் சுமார் 45 முதல் 60 செமீ லைனை ஸ்டோ செய்யாமல் விடுங்கள், பை புறப்படும்போது ஒரு தோளைப் பிடித்து இழுக்காமல் இருக்க. லைன் மைக்ரோலைன் என்றால் உராய்வுச் சூட்டில் சுருங்கும், வெளிப்பக்க லைன்களும் பிரேக் லைனும் முதலில். ஓபனிங் திடீரென மாறினால் ரிக்கரிடம் ட்ரிம் (லைன்களின் நீளம்) அளக்கச் சொல்லுங்கள்.

ஆர்எஸ்எல்: கழற்றிவிடுங்கள் என்பதே என் கருத்தும். சுழலும் மெயினைக் கட்அவே செய்தால், உடல் திருகிய நிலையிலேயே ரிசர்வ் உடனே வெளிவரும், தலையில் கேமரா இருக்கிறது. ஒரு நொடி எடுத்து உடலை நிலைப்படுத்திய பிறகு கையால் இழுப்பது மேல்.

மூன்றுவளையம்:

கடைசிப் பத்தியை மட்டும் நான் ஏற்கவில்லை. அந்தக் கருத்து கேமரா பெரிய பெட்டியாக இருந்த காலத்திலிருந்து வருகிறது, அப்போது அதற்கு நியாயம் இருந்தது. நம் கேள்விக்காரரிடம் இருப்பது வெறும் ஆர்எஸ்எல் அல்ல, ஸ்கைஹுக். வெட்டப்பட்ட மெயினே ரிசர்வ் பிரைடிலை இழுத்துக்கொண்டு போவதால் லைன்கள் உடலைச் சுற்ற அவகாசம் கிடைப்பதற்குள் விறைத்துவிடும். ‘ஒரு நொடி நிலைப்படுத்தல்’ என்று திட்டமிடுகிறவர் 1,800 அடியில் சுழன்றுகொண்டு, ஹெல்மெட்டை விடுவித்து, கட்அவே இழுத்து, பிறகு இன்னொரு கைப்பிடியைத் தேட வேண்டும். அந்தக் கடைசித் தேடலில் உயரத்தை இழந்து இறந்தவர்கள் உண்டு. சைப்ரஸ் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். அது சுமார் 750 அடியில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்தால்தான் வெட்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: ஹெல்மெட்டில் லைன் மாட்டி, ஹெல்மெட்டும் கழலாத நிலையில் மெயினை வெட்ட நேர்ந்தால் இணைப்பு இருப்பது கெடுதலாகலாம். அதற்கு விடை நல்ல மவுண்டும் வேலை செய்யும் ஹெல்மெட் கட்அவேயும். இணைப்பைக் கழற்றுவது அல்ல.

பின்செக்:

ஸ்கைஹுக் இருப்பதைக் கவனிக்கவில்லை. அது இருந்தால் மாட்டியே வைத்துக்கொள்ளலாம், ஒப்புக்கொள்கிறேன். அந்த வசதி இல்லாத பழைய ரிக்கில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

ஓட்டர்கதவு:

இன்னொன்றைச் சேர்க்கிறேன், விட்டுவிடக் கூடாதது. 1988-இல் வட கரோலினாவில், பல நூறு ஜம்ப் செய்த வீடியோ ஆள் ஒருவர் மாணவரைப் படமெடுக்கக் குதித்தார். உடலில் வீடியோ கருவிப் பை இருந்தது, பாராசூட் இல்லை. கேமரா ஆளின் கவனம் எப்போதும் கருவியில்தான் இருக்கும், அன்றும் அப்படித்தான்.

ஆகவே வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ரிக் மாட்டி, மார்புப் பட்டையும் கால் பட்டைகளும், மெயினை விடுவிக்கும் மூன்று வளையங்களும், கைப்பிடிகளும் பார்த்து, சைப்ரஸ் இயங்குவதை உறுதி செய்யும்வரை கேமரா பையிலேயே இருக்கட்டும். ஏறும்போது 9,000 அடி சுமாருக்கு இன்னொரு முறை: கண்டெய்னர் ஊசி, பைலட் சூட், பட்டைகள், ஹெல்மெட் கட்அவே கைப்பிடியைத் தொட்டு, ஆடிபிள் இரண்டும் இயங்குகிறதா என்று பார்த்து. லென்ஸைத் துடைப்பது, பதிவைத் தொடங்குவது எல்லாம் அதற்குப் பிறகு. கதவில் நிற்கும்போது கேமராவின் பதிவு விளக்கு எரியவில்லை என்று தெரிந்தால் அப்படியே குதித்துவிடுங்கள். அங்கே நின்று கேமராவை நோண்டக் கூடாது. அந்த ஜம்புக்கு வீடியோ இல்லை என்று தரையில் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் சில ஜம்புக்கு 4-வே குழுவை விட்டுவிட்டு, நிலையாக விழும் இரண்டு பேரைப் படமெடுங்கள். அவர்கள் நெஞ்சோடு நெஞ்சு பிடித்து அசையாமல் விழட்டும், நீங்கள் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் 40 நொடி நின்று காட்டுங்கள். அந்த வீடியோவில் அவர்களுடைய உருவம் பெரிதாகிச் சிறிதாகாமல் வந்தால் குழுவிடம் சம்மதம் சொல்லலாம்.